எட்டடிச் சந்து

பாபநாசம் பிள்ளையிடம் மனைப் பிளான் போடக் கொடுத்தால், வாழ வருகிறவனுக்கு வாசல் எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால், செத்துப் போகிறவனுக்கு வழி எங்கே என்று பார்ப்பார். சிந்துபூந்துறைப் பக்கம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் பென்சில் அந்த வழியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த கோட்டுக்கு நகரும்.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. சர்க்கார் சர்வே பார்ட்டியில் பன்னிரண்டு வருஷம் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்தவர். ராதாபுரத்துப் பனங்காட்டிலும் சாத்தான்குளத்துத் தேரிச் செம்மணல் மேட்டிலும் சங்கிலியை இழுத்து இழுத்து முழங்கால் தேய்ந்த பிறகு, அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர் தாமாகவே பிளான் போடப் பழகிக்கொண்டார். கோடு நேராக இருக்கும். எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும்.

சாவு வழியில் அவருக்கு ஏன் அத்தனை அக்கறை என்றால், அதற்கு அவருடைய ஆத்தாள் காரணம். அவள் செத்தபோது அவர்கள் குடியிருந்தது நாலடிச் சந்து ஒன்றில். பாடையை நேராகக் கொண்டுபோக முடியாமல் ஒருச்சாய்த்துத் தூக்கினார்கள். முக்குத் திரும்பும்போது முன்கொம்பு சுவரில் இடித்துக் கயிறு நழுவ, கிழவி பாதி தூரம் இறங்கிவிட்டாள். பிடித்து மறுபடி கிடத்திக் கட்டினார்கள். பின்னால் வந்தவன் ஒருவன், "ஆச்சிக்குப் போக மனசில்ல போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தீச்சட்டியோடு முன்னால் நின்ற பாபநாசம் திரும்பிப் பார்த்தார். ஆத்தாளின் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போட்ட கணக்கு இது. பாடைக்கு மூன்றடி. தூக்குகிற ஆளுக்குப் பக்கத்துக்கு ஒன்றரையாக மூன்றடி. சுவர் படாமல் போக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆகமொத்தம் எட்டடி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் அம்பலவாணன் பிள்ளை தம்முடைய நாவல் தோப்பை மனை போட்டு விற்கப்போவதாகச் சொல்லி ஆள் அனுப்பினார். பழைய பண்ணை. வயல் போய், வண்டி போய், கடைசியில் தோப்புக்கு வந்திருந்தார். மீசை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

பிளான் என்பது ஒன்றும் மாய வித்தை இல்லை. தோப்பைத் தாளில் வரைந்து, கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு நம்பர் போட வேண்டும். நம்பர் விழுந்தது விற்பனைக்கு. நம்பர் இல்லாமல் மஞ்சள் பூசிக் கிடக்கிற பட்டை தெரு. தோப்புக்காரர் அடியில் கையெழுத்துப் போட்டு, முதல் கிரயப் பத்திரத்தோடு அதை ரிஜிஸ்தர் ஆபீசில் சேர்த்துவிட்டால், மஞ்சளை ஊருக்கு விட்டுவிட்டதாக அர்த்தம். அதில் கலெக்டரும் நடக்கலாம், கழுதையும் நடக்கலாம். கால்வாய்க் கரையில் மட்டும் கதை வேறு. அங்கே புள்ளி புள்ளியாக ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் மண் தோப்புக்காரர் மண். நடை ஊர் நடை. அவர் அங்கே கத்தரி நடலாம். தூர் வாரப் போகிறவன் அதை மிதித்துக்கொண்டும் போகலாம்.

விட்டால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும். முனிசிபாலிட்டியிலிருந்து வந்து அளந்து, சரி என்று எழுதிக்கொண்டால்தான் சந்து சந்தாக நிலைக்கும். எட்டடிக்குக் குறைந்த சந்தை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

தோப்பில் வைத்துப் பிளானை விரித்ததுமே அம்பலவாணன் பிள்ளையின் விரல் நேராகக் கிழக்கு ஓரத்தில் போய் நின்றது.

"இங்கன மஞ்சளா என்னவே கெடக்கு?"

"சந்து, அண்ணாச்சி. ஆத்துக்குப் போற வழி."

"யாருக்கு?"

"பின்னால நாப்பது வீடு இருக்குல்லா. குயவரும் வண்டிக்காரருமா. காலங்காலமா நம்ம தோப்புக்குள்ளதான் போயிட்டு வாராக. நாளைக்கு மனை போட்டு வேலி கட்டிட்டா, எங்கன போவாக?"

"பறந்து போகட்டும். அந்த எட்டடியைப் பத்தாம் நம்பரோட சேத்துப் போடும்வே."

"சேக்கலாம். ஆனா பாடை போக வழியில்லாத இடத்துல எவன் மனை வாங்குவான்? வாங்க வாறவன் எல்லாம் ஒரு நாள் சாகப் போறவன்தானே, அண்ணாச்சி."

அம்பலவாணன் பிள்ளை மீசையைத் தடவினார். சாவுப் பேச்சு அவருக்கு ஆகாது. அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தோப்பு ஓரத்தில் குடத்தோடு நின்றிருந்த மாரித்தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த குயவர் வீடுகளில் ஒன்று அவளுடையது. பாபநாசம் பிள்ளை வெளியே வந்ததும் கேட்டாள்.

"வழி இருக்குமாய்யா?"

"தாள்ல இருக்கு."

"தாள்ல எப்படிய்யா நடக்க?"

"பொறு தாயி. பைய மண்ணுக்கு எறங்கும்."

தோப்பு முகப்பு பழைய பத்திரப்படி நானூற்றெட்டு அடி; மனைகளை மட்டும் பிள்ளை தம் சங்கிலியால் அளந்து கல் நட்டார். பத்து மனைகள் ஒரே வரிசை. மனைக்கு நாற்பதடி முகப்பு. பத்துக்கும் நானூறு அடி. அதற்குக் கிழக்கே எட்டடிச் சந்து. சந்துக்கும் கிழக்கே பழைய சத்திரத்தின் கருங்கல் மதில். பிளானில் எல்லாம் அச்சாக வந்து விழுந்தது. ஒன்பது மனையும் ஆறு மாதத்தில் விற்றன. பத்தாம் நம்பர் மட்டும் அப்படியே கிடந்தது. பிணம் போகிற சந்துக்குப் பக்கத்தில் எவன் வாங்குவான்? கடைசியில் அம்பலவாணன் பிள்ளை கூலிக்குப் பதிலாக அந்த மனையைப் பாபநாசம் பிள்ளையின் தலையிலேயே கட்டினார்.

வீட்டில் பார்வதியம்மாள் கேட்டாள். "ஊருல இத்தனை தெரு இருக்க, சுடுகாட்டு வழியிலதான் எனக்கு வீடு பாத்தியளாக்கும்?"

"போக வர ஆளு இருக்கும். உனக்கும் பேச்சுத் துணையாச்சு."

"போறவுக இருப்பாக. வாறவுக யாரு?"

அவர் போய்ச் செங்கல் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு வருஷத்தில் வீடு எழும்பியது. முன்னால் ஒரு கூடம், பின்னால் அடுப்படி, கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு அறை. அந்த அறை மகள் சண்முகசுந்தரிக்காக. அவளைச் சாத்தான்குளத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். பார்வதியம்மாள் அந்த அறையின் தரையைத் தன் கையாலேயே மெழுகினாள். தொட்டில் கட்ட உத்திரத்தில் வளையம் அடிக்கச் சொன்னாள். ஐப்பசிக் கடைசியில் மகளை அழைத்து வர நாள் குறித்தாயிற்று. கார்த்திகையில் பேறு.

புரட்டாசி முடிகிற நேரத்தில் அம்பலவாணன் பிள்ளை வந்தார். கையில் தோல் உறை போட்ட புது டேப்பு. நல்ல விஷயத்துக்கு அவர் நடந்து வந்து எவரும் பார்த்ததில்லை.

"உம்ம சந்தை அளந்தேன்வே. அஞ்சடிதான் இருக்கு."

"எட்டடி, அண்ணாச்சி."

"நீரே பிடியும்."

பாபநாசம் பிள்ளை டேப்பைப் பிடித்தார். மதிலில் ஒரு நுனி, தம்முடைய வீட்டுச் சுவரில் ஒரு நுனி. ஐந்தடி. மறுபடி அளந்தார். மறுபடியும் ஐந்தடி. டேப்புக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"ஐப்பசி பத்தாம் தேதி முனிசிபாலிட்டி ஓவர்சியர் வாராரு" என்றார் அம்பலவாணன் பிள்ளை. "அஞ்சடியை எடுக்க மாட்டாரு. அவரு வேண்டாம்னுட்டா சந்து என் கைக்கு வந்துரும். மனை வாங்கினவுகளுக்குக் கதவு வச்சுச் சாவி குடுத்துருதேன். பின்னால உள்ளவன் சுத்திப் போகட்டும். பாடைக்குச் சாவி கேக்கவா போறான்?"

சுற்றிப் போவது என்றால் கால்வாய்க் கரை வழியாக ஒன்றரை மைல். மழைக்காலத்தில் அந்தக் கரையில் ஆடுகூட வழுக்கும்.

மறுநாள் பிள்ளை தம்முடைய சங்கிலியைக் கோணிப் பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தாலுகா கச்சேரிக்குப் போனார். அந்த முற்றத்தில் இரண்டு கல் நட்டிருக்கும். ஒரு சங்கிலிக்கு, அதாவது அறுபத்தாறு அடிக்கு, சரியான தூரம் அது. சர்வேக்காரன் எவனும் வேலைக்குப் போகுமுன் சங்கிலியை அந்தக் கல்லுக்கு நடுவே போட்டுச் சோதிக்க வேண்டும். இது சங்கிலி பிடிக்கிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். பிள்ளை நாவல் தோப்பை அளக்கப் போனபோது அதைச் செய்யவில்லை. ஏனென்றால் அது அவர் பன்னிரண்டு வருஷம் பிடித்த சங்கிலி. உதவாது என்று சர்க்கார் கழித்து ஏலத்தில் போட்டபோது, கூடவே கழிக்கப்பட்ட அவரே போய் எடுத்துவந்தார். கூடப் பிறந்ததைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

ஒரு பிடியை முதல் கல்லில் வைத்து இழுத்தார். நூறு கணுவும் நிமிர்ந்தன. மறு பிடி இரண்டாவது கல்லைத் தாண்டி அரையடி வெளியே போய்க் கிடந்தது. கணுவுக்குக் கணு வளையம் தேய்ந்து, வாய் விரிந்து, சங்கிலி வளர்ந்திருந்தது. பத்து மனை முகப்பும் ஏறக்குறைய ஆறு சங்கிலி. சங்கிலிக்கு அரையடி வீதம் மூன்றடி. மனை வாங்கின ஒவ்வொருவருக்கும் மூன்றரை அங்குலம் கூடப் போயிருந்தது. எல்லாமாகச் சேர்ந்து சந்தைத் தின்றுவிட்டது.

அவர் அந்த இடத்திலேயே குந்தியிருந்தார். முழங்கால் வலித்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

ஒன்பது வீட்டுக்கும் போனார். மூன்றரை அங்குலம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். ஒருத்தர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். ஆறாம் நம்பரில் இருந்த வைத்தியலிங்கம், புது மீசைக்காரர், சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"மூணரை அங்குலம் என்கிட்ட எங்கன தொங்குதுன்னு காட்டும்வே. அறுத்துத் தாரேன்."

தெருவே சிரித்தது. பிள்ளையும் வழக்கம்போலச் சிரித்தார். ஒன்பது பேரும் கொடுத்தாலும் ஒன்பது சுவரை இடித்து நகர்த்த வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அந்தச் சுவர்களில் குற்றம் இல்லை. கடைசியில் நிற்கிறது எவன் சுவரோ அவன்தான் மூன்றடியையும் தர வேண்டும். கடைசிச் சுவர் பத்தாம் நம்பர்.

வீட்டுக்கு வந்தபோது பார்வதியம்மாள் அறையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுவத்துக்கு அடிக்காண்டாம்" என்றார்.

"ஏன்?"

சொன்னார். அவள் மட்டையைச் சட்டிக்குள் போட்டாள்.

"பிள்ளை பெத்துக்க வாற அறையவா இடிக்கப் போறிய?"

"மூணடி உள்ள தள்ளிக் கட்டிருவேன்."

"எப்ப?"

"மழைக்கு முந்தி."

"மழை உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் வருமாக்கும். ஏங்க, நாம யாருக்குங்க என்ன கொறை வச்சோம்? எவனோ செத்தவன் எப்படிப் போனா உங்களுக்கு என்ன?"

"என் சங்கிலிதாம்ட்டி தப்பு."

"சங்கிலி தப்புன்னா சங்கிலியை இடிங்க."

அந்த வீட்டில் கடைசிப் பேச்சு எப்போதும் அவளுடையதாகவே இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் கடப்பாறை அவர் கையில் இருந்தது.

ஐப்பசி எட்டாம் தேதி சுவர் தரைமட்டம். தொட்டில் வளையம் அடித்த உத்திரத்தையும் இறக்க வேண்டியதாயிற்று. பத்தாம் தேதி ஓவர்சியர் வந்தார். அளந்தார். எட்டடி, ஒரு விரற்கடை கூடவே இருந்தது. பிள்ளை தாமாகவே முன்னால் போய், பிளானின் பின்புறத்தில் தம்முடைய கோழி எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: அளந்த சங்கிலி அரையடி நீளம், குற்றம் அளந்தவனுடையது, மூன்றடியும் பத்தாம் நம்பரில் கழித்துக்கொள்ளப்பட்டது. ஓவர்சியர் படித்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதை நீர் எழுதணும்னு யாரும் கேக்கலியே."

"எழுதலைன்னா, பின்னால வாறவன் மறுபடி அளந்து, மறுபடி சண்டை போடுவான்."

சந்து ஊருக்குச் சேர்ந்தது. பன்னிரண்டாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. தாமிரபரணி படித்துறையை முழுங்கிக் கொண்டு மேலே வந்தது. புதுச் சுவரை இடுப்பு உயரம் எழுப்பினார், மழை கரைத்தது. மறுபடி எழுப்பினார். மறுபடியும் கரைத்தது. அறைக்கு ஒரு பக்கம் கீற்றுத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் அந்த மாதத்திலேயே இரண்டு பாடை போயிற்று.

சேதி சாத்தான்குளத்துக்கு எட்டாமல் இருக்குமா? சம்பந்தியம்மாள் ஆள்மூலம் சொல்லியனுப்பினாள்: பிணம் போகிற சந்தில் சுவரில்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது, பேறுகாலத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

கார்த்திகையில் ஒரு கார்டு வந்தது. பார்வதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளை வாசித்தார். சௌக்கியம், மழை, மாடு கன்று போட்டது, எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தார். கடைசி வரியில் நின்றார்.

"என்ன எழுதியிருக்கு?"

"சுந்தரி நல்லா இருக்கா."

"பிள்ளை?"

அவர் கார்டை மடக்கினார். மடங்கவில்லை, கார்டு கனமான தாள். பார்வதியம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, எந்த எழுத்து என்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுபோய்ச் சந்தில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தை மாதத்தில் சுவர் ஒருவழியாக நின்றது. அறை ஐந்தடி அகலமாயிற்று. கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவைத் திறந்தால் கட்டில் கொள்ளாது. அதில் விறகு அடுக்கினார்கள்.

சந்து முனையில் முனிசிபாலிட்டி ஒரு விளக்குக் கம்பம் நட்டது. தகரப் பலகையும் மாட்டியது: அம்பலவாணன் பிள்ளை சந்து. விட்டவர் பெயர்தானே போடுவார்கள். அவருக்கு மாலைகூடப் போட்டார்கள். மாலை மீசையில் சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தச் சந்தைப் பற்றிக் கேட்பவர்களிடம், "ஏதோ நம்மால ஊருக்கு ஆனது" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

பிளான் போட்டுத் தரச் சொல்லிப் பாபநாசம் பிள்ளையிடம் அப்புறம் யாரும் வரவில்லை. தம் சங்கிலி தப்பு என்று தாமே எழுதிக் கொடுத்தவனிடம் எவன் வருவான்? பிள்ளை கச்சேரி வாசலில் பிறத்தியாருக்கு மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினார். மனுவுக்கு எழுத்து அழகு தேவையில்லை என்பது அவர் அதிர்ஷ்டம். சங்கிலியை மாரித்தாய் எருமை கட்டக் கேட்டாள். கொடுத்துவிட்டார். எருமை அறுத்துக்கொண்டு ஓடாமலிருந்ததால், அதற்காவது உதவியதே என்று சந்தோஷப்பட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் விஷக்காய்ச்சல் வந்தது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்தது என்றார்கள். ஐப்பசி பிறந்ததும் ஆற்றங்கரையில் புகை ஓயவில்லை. பின்னால் இருந்த நாற்பது வீட்டில் எவர் வீடும் தப்பவில்லை. சந்தில் ஒரு பாடை உள்ளே போகும்போதே அடுத்தது முனையில் வந்து நிற்கும். தாரை தப்பட்டை அடிக்கக்கூட ஆளில்லை. பிள்ளை கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மாரித்தாயின் புருஷன் போனான். நாலு பேர், இரண்டிரண்டாக. அவர் தம்மை அறியாமல் கையால் சுவருக்கும் தூக்குகிறவன் தோளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தார். ஒரு அடி இருந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"அங்கன என்ன கணக்குப் போடுதிய?" என்றாள் பார்வதியம்மாள்.

"ஒண்ணுமில்ல."

இரண்டாம் நாள் அவருக்கே காய்ச்சல் கண்டது. சேதி கேட்டுச் சண்முகசுந்தரி சாத்தான்குளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. விறகு அடுக்கியிருந்த அறை வாசலில் சற்று நின்றுவிட்டு அப்பாவிடம் போனாள்.

"வந்துட்டியா" என்றார். "இந்த அறை..."

"தெரியும்ப்பா. பேசாம படுங்க."

அதுதான் அவர்கள் பேசியது. விடியுமுன் போய்விட்டார்.

தூக்க ஆளில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் படுக்கையில், மீதிப் பேர் பயத்தில். ஆறாம் நம்பர் வைத்தியலிங்கம் கதவைத் திறக்கவில்லை. மாரித்தாயின் இரண்டு மகன்களும், இன்னும் இரண்டு குயவர்களும் வந்து வாசலில் நின்றார்கள். வேறு காலமாக இருந்தால் பிள்ளைமார் வீட்டுப் பாடையை அவர்கள் தொட்டிருக்க முடியாது. அன்று அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மகளோடு வந்திருந்த மருமகன் தீச்சட்டியோடு முன்னால் போனார்.

பெண்டுகள் ஆற்றுக்குப் போகக் கூடாது. பார்வதியம்மாள் முற்றத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சண்முகசுந்தரி விறகுக்கு மேல் கை ஊன்றி, அந்த ஐந்தடி அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாலு பேரும் முக்குத் திரும்பிச் சந்துக்குள் நுழைந்தார்கள். எண்ணெய் விளக்குக் கம்பத்தைத் தாண்டினார்கள். ஒரு ஆள் கொஞ்சம் குட்டை. ஆனாலும் பாடை சாயவில்லை.

"சுவத்துல இடிச்சுதா?" என்று முற்றத்திலிருந்து கேட்டாள் பார்வதியம்மாள்.

"இல்லம்மா."

"எங்கயும் இடிக்கலையே?"

"இடிக்கலம்மா. நேராப் போறாக."

பார்வதியம்மாள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.